நாலு அடி தூரத்தில்

அடி அண்ணாமலை,
13.7.2025, ஞாயிறு

மாறனுக்கு,

என்னவென்று அழைத்து எழுதுவது என்று பத்து நிமிடம் யோசித்தேன். 'என்னங்க' என்று ஆரம்பித்தால் இந்த மூன்று வருடம் நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். அதனால் பெயரையே எழுதிவிட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று கேட்டீர்கள். வீடு ஒற்றை அறை. கொல்லைப் பக்கம் போய்க் குசுகுசுத்தாலும் கவிநிலா காதில் விழுந்துவிடும். மெசேஜ் இன்னும் மோசம். அவளுக்காகப் போனைப் பேச வைத்திருக்கிறேன். வருகிற எழுத்தையெல்லாம் அது உரக்கப் படிக்கிறது. போன மாதம் 'அவளை அன்றைக்கே ஹாஸ்டலில் விட்டிருந்தால் நாம் பிரிந்திருக்க மாட்டோம்' என்று அனுப்பினீர்களே, அதை அவளுக்கே படித்துக் காட்டியது. அன்றைக்கு அவள் தோசை வேண்டாம் என்றாள். இந்த வீட்டில் அவளுக்குக் கேட்காத பொருள் காகிதம் ஒன்றுதான். நீங்களும் வேங்கிக்காலில் நான் வேலை செய்யும் கம்ப்யூட்டர் சென்டர் விலாசத்துக்கே எழுதுங்கள். நாள் முழுக்க ஊராருக்கு மனு டைப் செய்து கொடுக்கிறவளுக்கு ஒரு கடிதம் எழுதுவது பாரமில்லை.

படம் எடுக்கலாம். அவளுடைய ஒரு நாளை அப்படியே குறும்படமாக எடுக்கிறேன் என்கிறீர்கள். ஐந்து நாள் அப்பா கூட இருப்பார் என்று சொன்னதும் அவள் குதித்த குதியைப் பார்த்துத்தான் சம்மதிக்கிறேன். உங்கள் மேல் நம்பிக்கை வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

அவள் நடக்கும் வழியை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தெருமுனையில் மாவு மில் சத்தம். அங்கிருந்து கிரிவலப் பாதையில் இடது பக்கம் நாற்பத்திரண்டு அடி. காலடியில் ஆடுகிற சாக்கடை மூடி ஒன்று. அதைத் தாண்டினால் இராமலிங்கம் அண்ணன் கடை. பஞ்சாயத்துப் பள்ளிக்கும் அதே வழிதான். கண் தெரியாத ஒன்பது வயதுப் பிள்ளை தானாகப் போய் பிஸ்கட் வாங்கி வருவதைப் பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். ஒவ்வொரு தடவையும் அவள் திரும்பி வரும்வரை எனக்கு உயிர் உயிராக இருக்காது என்பது வேறு.

ஒரே ஒரு நிபந்தனை. பௌர்ணமி அன்று அவளை வெளியே கொண்டுபோகக் கூடாது. மில்லை மூடிவிடுவார்கள், சாக்கடை மூடி மேல் அன்னதானப் பந்தல் நிற்கும், மைக் செட் காதைப் பிளக்கும். அன்றைக்கு அவள் வழி அவளுக்கு இல்லை. நாங்கள் அன்று சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு பாட்டுக் கேட்போம்.

பாதையில் தூசி ஜாஸ்தி. உங்கள் மூக்கு விசில் அடிக்க ஆரம்பித்துவிடும். மாத்திரை எடுத்து வாருங்கள்.

மதிவதனி

*

வடபழனி, சென்னை,
19.7.2025

அன்புள்ள மதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. திட்டு கம்மியாக இருந்ததே எனக்குப் போதும்.

கல்யாண வீடியோ வெட்டி வெட்டி எனக்குக் கண்ணே பூத்துவிட்டது. யார் வீட்டு மாப்பிள்ளையையோ பத்து கோணத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்; என் பெண் எப்படி நடக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. இந்தப் படம் எனக்குப் பேர் வாங்கித் தரும் என்பதும் உண்மை, அதை மறைக்கவில்லை. ஆனால் அவளை ஐந்து நாள் முழுசாகப் பார்க்க வேண்டும் என்பதும் உண்மைதான். ஹாஸ்டல் பேச்சை எடுத்தது என் தப்பு. அவள் காதில் விழும் என்று நினைக்கவே இல்லை.

ஆகஸ்ட் நாலாம் தேதி வருகிறேன். ஒலிப்பதிவுக்கு என் நண்பன் விமல்ராஜ் மட்டும் கூட வருவான். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்துக்கொள்கிறோம். உன் வீட்டில் தங்கமாட்டேன், பயப்படாதே.

பௌர்ணமி அன்று அவளை வெளியே அழைத்துப் போகமாட்டேன். இது சத்தியம்.

மாத்திரை ஞாபகம் இருக்கிறது.

உன்
மாறன்

*

அடி அண்ணாமலை,
17.8.2025

மாறனுக்கு,

நீங்கள் கிளம்பிப்போய் ஒன்பது நாள் ஆகிறது. இங்கே எதுவும் சரியாக இல்லை.

கவிநிலா கடைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். நாற்பத்திரண்டு அடியும் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பள்ளிக்கு என் கையைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறாள். அது போகட்டும். இன்னொன்றுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

உங்களுக்குத் தெரியும், அவளுக்கு யாரும் பேர் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து வீட்டு சரசு அக்கா வாசல் படலைத் தொடும்போதே, 'அக்கா, இன்னிக்கு மீன் வாங்குனீங்களா' என்று கேட்கிறவள். இப்போது யாருமே இல்லாத அறையில் நின்றுகொண்டு, "யாராச்சும் இருக்கீங்களா? இருந்தா பேசுங்க" என்கிறாள். நான் அடுப்படியில் இருந்தால்கூட, "அம்மா, நீ மட்டும்தானே இருக்கே?" என்று கேட்கிறாள். ஒரு நாளில் பத்து தடவை, இருபது தடவை.

காதும் போகிறதோ என்று பயந்துவிட்டேன். கடவுள் சாத்தின கதவு ஒன்று போதாதா என்று அண்ணாமலையாரைக்கூடத் திட்டிவிட்டேன். செவ்வாய்க்கிழமை லீவு போட்டுக் காது டாக்டரிடம் காட்டினேன். எல்லா டெஸ்டும் எடுத்துவிட்டு, காது ரொம்ப நன்றாக இருக்கிறது, பிள்ளை எதற்கோ பயந்திருக்கிறாள் என்றார்.

எதற்குப் பயந்தாள் என்று அவளைக் கேட்டால், "ஒண்ணுமில்ல" என்கிறாள். சரசு அக்காவைக் கேட்டேன். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். நீங்கள் கிளம்பிய வெள்ளிக்கிழமை, பௌர்ணமி அன்று, அக்கா அவளைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்த பிறகு நீங்கள் வந்து அவளைப் பாதைக்குக் கிளப்பினீர்களாம். ஐந்து மணியிலிருந்து அரை மணி நேரம். வரும்போது இராமலிங்கம் அண்ணன்தான் கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டாராம். நான் ஆறு மணிக்கு வந்தபோது நீங்கள் ஊருக்குக் கிளம்பியிருந்தீர்கள்.

சத்தியம் என்று எழுதியது நீங்கள்தானே? அந்தக் கடிதம் என்னிடம் இருக்கிறது. அரை மணி நேரத்தில் என்ன நடந்தது? அதை மட்டும் எழுதுங்கள்.

மதிவதனி

*

வடபழனி,
23.8.2025

அன்புள்ள மதிக்கு,

நீ பயப்படுகிற மாதிரி எதுவும் நடக்கவில்லை.

பௌர்ணமிக் கூட்டம் இல்லாமல் திருவண்ணாமலைப் படமா என்று விமல்ராஜ் சொல்லிக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரம் எடுத்தோம், அவ்வளவுதான். பாதையில் அன்று வண்டி கிடையாது, உனக்கே தெரியும். நான் அவள் கிட்டேயேதான் இருந்தேன். அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. இராமலிங்கம் அண்ணன் தானாக வந்து, நான் விட்டுவிடுகிறேன் என்று அழைத்துப் போனார். உன்னிடம் சொல்லாதது தப்பு. பிள்ளைகள் ஒரு வாரம் இப்படி இருக்கும், பிறகு மறந்துவிடும்.

நல்ல செய்தி ஒன்று. படம் பதினெட்டு நிமிடம் வந்திருக்கிறது. இங்கே ஒரு குறும்பட விழாவில் தேர்வாகிவிட்டது. செப்டம்பர் பதினாலாம் தேதி திரையிடுகிறார்கள். பரிசு கிடைக்கும் என்றுகூடப் பேச்சு. விமல்ராஜின் வேலை பிரமாதம். கூட்டத்துச் சத்தத்துக்கு நடுவே ஏதோ கீச்சுக் கீச்சென்று விழுந்திருந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து அதைச் சுத்தமாகத் துடைத்து எடுத்துவிட்டான்.

பென் டிரைவில் படத்தை அனுப்பியிருக்கிறேன். பார். கவியை எப்படி எடுத்திருக்கிறேன் என்று பார்த்தால் உன் கோபம் குறையும்.

உன்
மாறன்

*

வேங்கிக்கால்,
31.8.2025

மாறனுக்கு,

பார்த்தேன். சென்டரில் சாப்பாட்டு நேரத்தில், எல்லோரும் வெளியே போன பிறகு பார்த்தேன்.

முதல் பத்து நிமிடம் நன்றாகத்தான் இருக்கிறது. அவள் தலை வாரிக்கொள்வது, பிரெய்ல் புள்ளி எழுத்துப் புத்தகத்தைத் தடவி ரேணுகாம்பாள் டீச்சரிடம் கதை படித்துக் காட்டுவது, குழம்பு கொதிக்கிற சத்தத்தை வைத்து, 'அம்மா, அடுப்பைக் கம்மி பண்ணு' என்பது. அதையெல்லாம் பார்த்து அழுதேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன். பெற்றவளுக்கே தெரியாததை எல்லாம் எடுத்திருக்கிறீர்கள்.

அதற்கப்புறம் வருகிறது பௌர்ணமி. கூட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக என் பிள்ளை வெள்ளைக்கோலோடு வருகிறாள். கால் மூடியைத் தேடுகிறது, மூடி மேல் பந்தல். கோல் யார் காலிலோ தட்டுகிறது, ஒருவர் திட்டிவிட்டுப் போகிறார். அவள் நின்றுவிடுகிறாள். சுவரைத் தேடிக் கையை நீட்டுகிறாள். அந்தக் கையில் ஒரு அம்மாள் அன்னதானத் தொன்னையை வைத்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு போகிறாள். பிச்சைக்கு நிற்கிற பிள்ளை என்று நினைத்துவிட்டாள். அந்த அம்மாளைச் சொல்லிக் குற்றமில்லை. கவிநிலா அந்தத் தொன்னையை முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறாள். யாருக்கு நீட்டுகிறாள் என்றே புரியவில்லை. அப்புறம் கை மெல்லக் கீழே இறங்குகிறது.

நாலு நிமிடம் பத்து விநாடி. கம்ப்யூட்டர் ஓரத்தில் நேரம் ஓடுகிறதல்லவா, பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் காலடியில் ஒரு நிழல் விழுகிறது. கேமராவும் கையுமாக ஒரு ஆள் நிழல். நாலு அடிகூட இருக்காது.

கேமரா ஆடவே இல்லை, மாறன். பெற்ற பிள்ளை அப்படி நிற்கும்போது உங்கள் கை எப்படி ஆடாமல் நின்றது?

அந்தக் காட்சி வெளியே போகக் கூடாது. என் பெண் அன்னதானத்துக்குக் கை நீட்டியதை ஊர் உட்கார்ந்து பார்க்கக் கூடாது. எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் கலெக்டர் ஆபீசில் எந்த மனு எந்த மேசைக்குப் போனால் காரியம் நடக்கும் என்று எனக்கு மனப்பாடம். ஊருக்கெல்லாம் எழுதினவள் எனக்கு ஒன்று எழுதிக்கொள்ளமாட்டேனா?

மதிவதனி

*

வடபழனி,
3.9.2025

மதி,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். இனி மறைத்துப் புண்ணியம் இல்லை.

அவளிடம், 'அப்பா வீட்டிலேயே இருக்கேன், நீ போய் பிஸ்கட் வாங்கிட்டு வா' என்றுதான் சொன்னேன். நான் கூட இருப்பது தெரிந்தால் அவள் நடையே மாறிவிடுகிறது, சிரித்துக்கொண்டே நடக்கிறாள். படத்துக்கு அது சரிவரவில்லை. பின்னாலேயே போய், கூட்டத்துக்குள் புகுந்து முன்னால் வந்து நின்றுகொண்டேன். செருப்பைக்கூடக் கழற்றிவிட்டேன், சத்தம் கேட்கக் கூடாது என்று.

பந்தல் போட்டிருப்பது எனக்குத் தெரியும். தடுமாறுவாள், அப்புறம் வழி கண்டுபிடித்துவிடுவாள், அதுதான் காட்சி என்று நினைத்தேன். முதல் நிமிடம் அப்படித்தான் ஓடியது. இரண்டாவது நிமிடம் கூப்பிட வாயெடுத்தேன். அந்த அம்மாள் தொன்னையை வைத்தாள். இதற்கு மேல் ஒரு காட்சி எனக்கு வாழ்நாளில் கிடைக்காது என்று தோன்றியது. எழுதும்போதே கை கூசுகிறது, ஆனால் தோன்றியது அதுதான். அதற்கப்புறம் கூப்பிடவே பயமாகிவிட்டது. கூப்பிட்டால், இவ்வளவு நேரம் இங்கேதான் நின்றேன் என்று அவளுக்குத் தெரிந்துவிடுமே. இராமலிங்கம் அண்ணன் வந்திராவிட்டால் இன்னும் எவ்வளவு நேரம் நின்றிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியவில்லை. விட்டுவிடுகிறேன் என்று அவர் சொன்னதாக எழுதியதும் பொய்; அவள் கையைப் பிடித்துக்கொண்டு நேரே நடந்துவிட்டார்.

விழாக்காரர்கள் அந்தக் காட்சிக்காகத்தான் படத்தைத் தேர்வு செய்தார்கள். கையில் கிடைத்த சோற்றை உலகத்துக்கே திருப்பிக் கொடுக்கிறாள் குழந்தை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதை எடுத்துவிட்டால் இது வெறும் பள்ளிக்கூடத்து விவரணப் படம் என்று விமல்ராஜ் சொல்கிறான்.

ஆனாலும் நீ எடு என்றால் எடுத்துவிடுகிறேன். பன்னிரண்டாம் தேதி கடைசிப் பிரதி கொடுக்க வேண்டும். அதற்குள் எழுது.

எனக்கு ஒரே ஒரு ஆறுதல். நான் அங்கே நின்றது அவளுக்குத் தெரியாது.

மாறன்

*

அடி அண்ணாமலை,
7.9.2025, பௌர்ணமி

மாறனுக்கு,

கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். வெளியே மைக் செட் அலறுகிறது. நாளைக் காலையில் ஸ்பீட் போஸ்டில் சேர்த்துவிடுவேன்.

என் படம் வந்ததா என்று கவிநிலா தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள். வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறாள். எத்தனை நாள் சாக்குச் சொல்வது? இன்றைக்குப் போனில் போட்டுக் கொடுத்தேன். அவளுடைய சிரிப்பு வந்த இடத்தில் அவளும் சிரித்தாள். பௌர்ணமி வந்ததும் விரலால் தள்ளிவிடப் பார்த்தேன். "எதுக்கு ஓட்றே? அப்படியே வுடு" என்றாள். விட்டேன்.

நாலு நிமிடமும் முகத்தைச் சுளித்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் சொன்னாள்:

"அம்மா, இதுல அப்பா இல்லியே."

அப்பாதான் படம் எடுக்கிறவர், எடுக்கிறவர் படத்தில் வரமாட்டார் என்றேன்.

"அது எனக்குத் தெரியாதா? அப்பா மூக்கு எங்கே? என் எதிர்க்கவே விசில் அடிச்சுனு இருந்துச்சே. அதை மட்டும் காணோம்."

எவ்வளவு கிட்டே இருந்தார் அப்பா என்று கேட்டேன். "கிட்டக்கதான். சூடா சோறு குடுத்தாங்க இல்ல, அப்பாவுக்குப் புடிக்குமேன்னு நீட்னேன். வாங்கல. கை வலிச்சிச்சு, எறக்கிட்டேன்."

உலகத்துக்குக் கொடுத்தாள் என்று எழுதினாரே ஒருவர், அவரிடம் சொல்லுங்கள். உலகத்துக்கு இல்லை. உங்களுக்கு.

தெரிந்திருந்தும் நீ ஏன் அப்பா என்று கூப்பிடவில்லை என்று கேட்டேன். அவள் சொன்னதை அவள் வாயால் சொன்னபடியே எழுதுகிறேன். "வீட்டுல இருக்கேன்னு சொன்னாரும்மா. நான் கூப்ட்டா அவரு பொய் சொன்னது தெரிஞ்சு போயிடும். பாவம். அவரே கூப்புடட்டும்னு நின்னுனு இருந்தேன்."

அவள் வழி தெரியாமல் நிற்கவில்லை. நீங்கள் கூப்பிடுவீர்கள் என்று நின்றிருக்கிறாள். நானோ காது டாக்டரிடம் ஓடினேன். காது நன்றாகக் கேட்டதுதான் அவளுக்கு வினை. எதிரில் ஆள் இருந்தும் பேசாமல் நிற்பார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள். அதனால்தான் வெற்று அறையைப் பார்த்து, 'இருந்தா பேசுங்க' என்கிறாள்.

அதற்கப்புறம் மறைக்க என்ன இருக்கிறது? உங்கள் கடிதம் எல்லாவற்றையும் அவளுக்குச் சத்தமாகப் படித்தேன், என்னுடையதை ஞாபகத்திலிருந்து சொன்னேன். கடிதம் வருவது அவளுக்கு முன்பே தெரியுமாம். அன்றைக்கெல்லாம் குழம்பில் உப்பு இருக்காதாம்.

காட்சியை எடுத்துவிடச் சொல்லட்டுமா என்று கேட்டேன். நான் எதிர்பார்த்தது ஒன்று, அவள் சொன்னது ஒன்று. "எடுக்க வேணாம். அந்த விசிலைத் திரும்பப் போடச் சொல்லு. என்னை மாதிரிப் புள்ளைங்க கேட்டா, நெஜமாவே அங்க யாரும் இல்லைன்னு நெனச்சுக்கும். இருந்தாரு இல்ல?"

என்னைக் கேட்டால் அந்தக் காட்சியைக் கொளுத்தச் சொல்வேன். ஆனால் மனுதாரர் அவள். நான் எழுதிக் கொடுக்கிறவள் மட்டும்தான். அவள் கேட்டதைச் செய்யுங்கள்.

இனிமேல் நீங்கள் இங்கே வருவதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அதையும் அவளே சொல்லட்டும்.

மதிவதனி

*

வடபழனி,
16.9.2025

(இதைச் சத்தமாகப் படிக்கவும்.)

என் கண்ணு கவிநிலாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். உனக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இது.

நீ சொன்ன மாதிரியே செய்துவிட்டேன். விமல்ராஜ் மாமாவுக்குக் கோபம். பாடுபட்டுத் துடைத்ததைத் திரும்பப் போடச் சொல்கிறாயே, படம் கெட்டுப்போகும் என்றான். நல்லவேளை, பழைய பதிவை அவன் அழிக்கவில்லை. போட்டோம். நாலு நிமிடம் பத்து விநாடியும் விசில் அடிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை இருநூறு பேர் பார்த்தார்கள். படம் முடிந்ததும் ஒருவர் எழுந்து, பௌர்ணமிக் காட்சியில் ஒலிப்பதிவில் ஏதோ கோளாறு இருக்கிறதே, கவனிக்கவில்லையா என்று கேட்டார். மேடைக்குப் போய் மைக்கைப் பிடித்தேன். கோளாறு இல்லைங்க, அது என் மூக்கு என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் அந்தப் பிள்ளையின் அப்பா, அவள் எதிரில் நாலு அடியில் நின்றுகொண்டு கூப்பிடாமல் இருந்தேன், அது அவளுக்குத் தெரியும் என்றேன். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. பரிசு வேறு படத்துக்குப் போய்விட்டது.

கவி, அன்றைக்கு நான் பொய் சொன்னேன். நீ அதைக் காட்டிக்கொடுக்காமல் நின்றாய். அப்பாவுக்கு வெட்கமாக இருக்கிறது. மன்னித்துவிடு என்று கேட்க வாய் வரவில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

வருகிற இருபத்தெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா? அன்றைக்குப் பௌர்ணமி இல்லை, பார்த்துவிட்டேன். கேமரா கொண்டுவரமாட்டேன். மில் முனையிலேயே உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுவிடுவேன். அம்மா கதவைத் திறந்தால் உள்ளே வருவேன். திறக்காவிட்டால் வாசலிலேயே நின்று பேசுவேன். பேசாமல் மட்டும் நிற்கமாட்டேன்.

அம்மாவிடம் ஒன்று சொல்லிவிடு. மூக்குக்கு மாத்திரை போட்டுக்கொள்ளாமலேயே வருகிறேன்.

அப்பா